ஒன்றரை லட்சம் ரூபாயும் மூன்று கேமராக்களும்: சேரன்மகாதேவிப் புகைப்படக்காரர் ஒருவரின் கொள்முதல் ஆய்வு

இந்த ஆய்வுக்குரியவர் சேரன்மகாதேவியைச் சேர்ந்த இருபத்தேழு வயது இளைஞர். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்து, முகூர்த்த நாட்களில் இரண்டாவது கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைந்து தொழில் கற்றவர். சொந்தமாக வேலை பிடிக்கத் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை ஒரு கேனன் 200டி, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிது), ஒரு ஃப்ளாஷ் ஆகியவைதாம். சேமிப்பும் சீட்டு எடுத்த பணமுமாக ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்ந்தது. கேமரா பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், கடைக்குப் போவதற்கு முன் என்னிடம் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இந்த ஊரில் எல்லோரும் கேட்பதுதான்: "அண்ணாச்சி, கேனனா, சோனியா, நிக்கானா? எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிருங்க."

அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. மூன்று நிறுவனங்களும் இன்று விற்கும் எந்தக் கேமராவிலும் கல்யாண ஆல்பம் அச்சிடும் அளவுக்குத் தரமான படம் கிடைக்கும். ஆகவே அவருடைய வேலை என்ன, ஏற்கனவே கையில் இருப்பது என்ன, அவசரத்துக்கு யாரிடம் இரவல் கிடைக்கும் என்பவற்றிலிருந்துதான் நாங்கள் தொடங்கினோம்.

வேலையின் இயல்பு

அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி கல்யாணங்களிலிருந்து வருகிறது. அடுத்து காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு. மிச்சம் கோயில் கொடைகள், அதாவது ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் திருவிழாக்கள். கொடை நாட்கள் ஆண்டில் சிலவே என்றாலும், ஊருக்குள் பெயர் வாங்கித் தருவது அந்த வேலைதான். ஒரு கொடையில் எடுத்த நல்ல படம் அடுத்த தையில் இரண்டு கல்யாணங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது இங்குள்ள எல்லா ஸ்டுடியோக்காரர்களும் அறிந்த கணக்கு.

கல்யாணமும் கொடையும் கேமராவிடம் கேட்பவை வேறு வேறு. கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் இருக்கும். வீடியோக்காரரின் விளக்கு இருக்கும். ஃப்ளாஷ் அடிக்கத் தடையில்லை. அங்கே கேமராவிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றே: தாலி கட்டும் அந்தச் சில விநாடிகளில் அது நின்றுவிடக் கூடாது, எடுத்த படம் கார்டோடு போய்விடவும் கூடாது. மாப்பிள்ளையிடம் இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. கொடையில் நிலைமை தலைகீழ். நள்ளிரவில் சாமி வேட்டைக்குப் புறப்படும்போது தீப்பந்தத்தின் வெளிச்சமும் எங்கோ தொங்கும் ஒரு டியூப்லைட்டும்தான் இருக்கும். கோமரத்தாடி, அதாவது சாமியாடுபவர், ஓடுவார், கூட்டம் நெருக்கும், ஃப்ளாஷ் அடித்தால் கோயில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சில ஊர்களில் கேமராவையே வாங்கி வைத்துவிடுவார்கள். இருட்டில் ஃபோக்கஸ் பிடிக்கும் வேகம்தான் அங்கே எல்லாம்.

200டி இந்த இரண்டுக்கும் போதவில்லை. அதன் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் தகடு, 22.3 க்கு 14.9 மி.மீ. அளவுள்ளது, பெரிய கேமராக்களின் முழு ஃபிரேம் சென்சார் 36 க்கு 24. பரப்பளவில் முழு ஃபிரேம் சுமார் 2.6 மடங்கு. அதே லென்ஸ் துவாரத்தில் அதே நேரத்தில் அவ்வளவு அதிக ஒளி சேர்வதால், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 போன்ற உயர் நிலைகளில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஆகவே முழு ஃபிரேம் வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மேலும் 200டியில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும்.

களத்தில் இருந்த மூன்று வழிகள்

முதல் வழி, புதிய கேனன் ஆர்8. 2023-இல் வந்த 24 மெகாபிக்சல் முழு ஃபிரேம் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத வகை; பேட்டரியும் கார்டும் சேர்த்து 461 கிராம்தான் எடை. பட்ஜெட்டின் பெரும்பகுதி லென்ஸ் இல்லாத வெறும் பாடிக்கே போய்விடும். லென்ஸுக்கு அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டுப் பழையவற்றை வைத்துச் சமாளிக்க வேண்டும். இரண்டாவது, பழைய சோனி ஏ7 மார்க் 3. 2018-இல் வந்தது, இரண்டு கார்டு, நல்ல பேட்டரி, பாடிக்குள்ளேயே ஆட்டம் தடுக்கும் அமைப்பு. அதனுடன் டாம்ரான் 28-75 எஃப் 2.8 ஒன்றையும் பழையதாக வாங்கலாம். மூன்றாவது, பழைய கேனன் 5டி மார்க் 4. 2016-இல் வந்த கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர், 30 மெகாபிக்சல், ஒரு சிஎஃப், ஒரு எஸ்டி என இரண்டு கார்டு.

நிக்கானை நாங்கள் நீண்ட நேரம் பேசவில்லை. பழைய டி750 இப்போது மலிவாகக் கிடைக்கிறது, அருமையான கேமராவும்கூட. ஆனால் இவரிடம் ஒரு நிக்கான் லென்ஸும் இல்லை. இவருக்குத் தெரிந்தவர்களிடமும் இல்லை. நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பு) 1959-இல் தொடங்கியதால் பழைய லென்ஸ்கள் ஏராளம் என்பார்கள். ஆனால் பாடியில் உள்ள மோட்டாரால் ஓடும் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள், நாளை இசட் வரிசை மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது எஃப்டிஇசட் அடாப்டரில் தானாக ஃபோக்கஸ் செய்யாது. வெறுமனே விலையைப் பார்த்து வாங்குபவர்கள் சறுக்கும் இடம் அது.

சோனியைப் பற்றி இவருக்கு ஆசை அதிகம். அந்த ஆசையில் நியாயமும் உண்டு. சோனி தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011-இலேயே மற்ற லென்ஸ் தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் சிக்மா, டாம்ரான் முதலியோர் விதவிதமான விலைகளில் லென்ஸ் செய்து குவித்திருக்கிறார்கள். கேனன் மிரர்லெஸ்ஸின் ஆர்எஃப் மவுண்ட் அப்படி இல்லை. 2024 ஏப்ரலில் சிக்மாவும் டாம்ரானும் ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தபோதும் அவை சிறிய சென்சார் கேமராக்களுக்கானவையாகவே இருந்தன. கையில் எதுவுமே இல்லாமல் வந்து நிற்கும் ஒருவருக்கு நான் இன்றும் சோனியைத்தான் சொல்வேன்.

ஆனால் இவர் வெறுங்கையோடு வரவில்லை. 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. அதைவிட முக்கியம், இவர் வேலை பார்த்த ஸ்டுடியோவில் ஒரு 70-200 எஃப் 2.8, ஒரு 16-35, ஒரு 85 என மூன்று இஎஃப் லென்ஸ்கள், அதாவது கேனன் டிஎஸ்எல்ஆருக்கான லென்ஸ்கள், உள்ளன. முதலாளி நல்ல மனிதர். தம் கல்யாண வேலை இல்லாத நாட்களில் லென்ஸைக் கொடுத்து உதவுவார். வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கத்துச் சங்காத்திகளும் (கூட்டாளிகளும்) பெரும்பாலும் கேனன்காரர்களே. சோனிக்குப் போனால் இந்த இரவல் எல்லாம் போய்விடும். பிராண்டு என்று நாம் பேசுவதில் பாதி, உண்மையில் பக்கத்து ஊர்க்காரரின் பையில் என்ன லென்ஸ் இருக்கிறது என்ற கேள்விதான்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரம் கணக்கை முடித்து வைத்தது. 1987-இல் வந்த இஎஃப் மவுண்டில், லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரை 44 மி.மீ. தூரம். 2018-இல் வந்த ஆர்எஃப் மவுண்டில் அது 20 மி.மீ. இடைப்பட்ட 24 மி.மீ.-ஐ நிரப்பும் அடாப்டர் கண்ணாடியே இல்லாத வெறும் குழாய். மின் தொடர்புகள் மட்டும் உள்ளே ஓடும். படத்தின் தரம் குறையாது. ஃபோக்கஸும் தானாக வேலை செய்யும். ஆகவே இன்று பழைய இஎஃப் லென்ஸ் வாங்குபவர் முட்டுச்சந்தில் போய் நிற்கவில்லை. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறி இஎஃப் லென்ஸ்களை இறக்கி விற்கும் இந்தச் சில ஆண்டுகள்தாம், வாங்குபவருக்கு நல்ல காலம்.

புதியதா, பழையதா

புதிய கேமராவின் விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 2018 இறுதி வரை அது 28 விழுக்காடாக இருந்தது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு புகைப்படக்காரர் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கொடுத்தால் அதில் பதினெட்டாயிரம், பெட்டியைத் திறந்த நிமிடமே போன பணம். பழைய கேமராவில் அதை முதலில் வாங்கியவர் ஏற்கனவே கட்டிவிட்டார்.

அதற்கு ஈடாகப் புதியதில் உத்தரவாதம் இருக்கிறது. ஆனால் இந்தியப் பில்லும் உத்தரவாதச் சீட்டும் இல்லாமல், வேறு நாட்டிலிருந்து வந்த சரக்கை விலை குறைத்து விற்கும் கடைகள் எங்கும் உண்டு. அங்கே வாங்கினால் உத்தரவாதம் கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே. "சோனியாய்ப் போனாலும் கேனனாய்ப் போனாலும் பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும் தம்பி" என்று மட்டும் சொல்லி இந்தப் பேச்சை முடித்துக்கொண்டேன்.

ஒத்திகை

வாங்குவதற்கு முன் ஆர்8-ஐயும் 5டி மார்க் 4-ஐயும் வாடகைக்கு எடுத்து, ஒரு கொடையிலும் ஒரு கல்யாணத்திலும் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னேன். ஒரு நாள் வாடகை, வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

கொடையில் ஆர்8 தெளிவாக வென்றது. கேனன் கொடுக்கும் கணக்குப்படியே ஆர்8 எதிர்மறை 6.5 ஈவி (வெளிச்சத்தை அளக்கும் படி) இருட்டு வரை ஃபோக்கஸ் செய்யும். 5டி மார்க் 4 வியூஃபைண்டர் வழியாக எதிர்மறை 3 ஈவி வரைதான். ஒவ்வொரு ஈவி இறங்கும்போதும் வெளிச்சம் பாதியாகும் என்பதால், இந்த மூன்றரைப் படி இடைவெளி பெரிது. பந்தத்தைத் தூக்கிக்கொண்டு கோமரத்தாடி நேரே ஓடிவந்த வரிசையில் ஆர்8 அவர் கண்ணை விடாமல் பிடித்திருந்தது. 5டியில் முன்னால் வந்த ஒருவரின் தோள்தான் துல்லியமாக இருந்தது. ஒரு குறையும் தெரிந்தது. சத்தம் வராமல் இருக்க மின்னணு ஷட்டரில் எடுத்த படங்களில், கோயில் முகப்பில் கட்டியிருந்த எல்இடி சீரியல் செட்டின் வெளிச்சம் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழுந்திருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்கிறது. சென்சாரை வரிவரியாகப் படிக்கும் மின்னணு ஷட்டர் அதை அப்படியே பதிந்துவிடுகிறது. ஆர்8-இல் முழு மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது. முதல் திரை மட்டும் மின்னணுவாகத் திறக்கும் நிலைக்கு மாற்றி, ஃப்ளிக்கர் தடுப்பை இயக்கியபின் கோடுகள் மறைந்தன.

கல்யாணத்தில் முடிவு வேறு. நாள் முழுவதும் ஆர்8-க்கு பேட்டரி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதன் எல்பி-இ17 பேட்டரி 200டியிலும் போடக்கூடியது என்பதால் கைவசம் இரண்டு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. 5டி மார்க் 4 ஒரு பேட்டரியில் சுமார் 900 படங்கள் எடுக்கும் என்பது அளவீடு. உண்மையில் கல்யாண வேகத்தில் அதைவிடக் கூடுதலாகவே வந்தது. ஆனால் முடிவைத் தீர்மானித்தது கார்டு. ஆர்8-இல் ஒரே கார்டு. 5டியில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைக்கலாம். காசு வாங்கிக் கல்யாணம் எடுப்பவர் ஒரே கார்டை நம்பி மணமேடையில் நிற்பது எனக்கு உடன்பாடில்லை.

அதனால் முடிவு இப்படி அமைந்தது: ஆண்டு முழுவதும் தேவைப்படும் கேமராவைச் சொந்தமாக வாங்குவது, சில இரவுகளுக்கு மட்டும் தேவைப்படும் கேமராவை வாடகைக்கு எடுப்பது.

பழைய சரக்கைப் பார்த்த விதம்

முதலில் பார்த்த 5டி, தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து வந்தது. விலை சந்தை மதிப்பைவிடக் கணிசமாகக் குறைவு. "பெட்டியில சும்மா கிடந்ததுதான் அண்ணாச்சி, எடுத்ததே இல்ல" என்றார் கொண்டுவந்தவர். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. ஃப்ளாஷ் பொருத்தும் தண்டவாளத்தின் நான்கு சிறு திருகுகளில் பச்சைப் பூச்சு படிந்திருந்தது. பேட்டரி மூடியின் கீல் இடுக்கில் பென்சில் கோடு போல மெல்லிய வண்டல். முக்காலி மாட்டும் துளைக்குள் துரு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானதும், நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் தாழ்வான பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது மூழ்கிய கேமராக்கள் பல காயவைக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உள்ளே போர்டில் தங்கிய வண்டல் ஈரக்காற்றை இழுத்து, மாதங்கள் கழித்துத்தான் தொடர்புகளை அரிக்கும். வாங்கும் நாளில் அது எல்லாச் சோதனையிலும் தேறிவிடும் என்பதுதான் ஆபத்து. பேரம் பேசாமலேயே திருப்பிக் கொடுத்தோம்.

இரண்டாவது கேமரா பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருடையது. பறவைப் படம் எடுப்பவர். குளிர்காலம் முழுவதும் கூந்தன்குளத்திலேயே கிடப்பவர். வரித்தலை வாத்துகளையும் பூநாரைகளையும் எடுக்க மிரர்லெஸ் வாங்கிவிட்டதால் 5டியைக் கொடுக்க முன்வந்தார். கேனன் பல மாடல்களில் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற கணக்கை, படத்தின் விவரங்களுக்குள் எழுதுவதில்லை. நிக்கானில் அது எளிதாகக் கிடைக்கும். ஆகவே கேபிள் போட்டுக் கணினியில் மென்பொருள் வழியாகப் பார்த்தோம்: 84,000-க்குச் சற்று மேல். இந்த மாடலின் ஷட்டர் 1,50,000 இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது.

இளைஞர் தயங்கினார். அதே வாரம் டவுனில் ஒரு கல்யாண ஸ்டுடியோவின் 5டி 41,000 எண்ணிக்கையோடு விற்பனைக்கு இருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் அதுதான் நல்லது. அந்தக் கேமராவை நான் முன்பே பழுதுபார்த்திருக்கிறேன். அதன் பொத்தான்களுக்கு அடியில் மஞ்சள்நீர் காய்ந்து பிசுபிசுத்திருந்தது. ஃப்ளாஷ் காலடியில் குங்குமம். ஒரு முறை மேடையிலிருந்து விழுந்ததில் லென்ஸ் வளையம் லேசாகக் கோணியிருந்தது. பறவைக்காரரின் எண்ணிக்கை பெருகியது தொடர்ச்சியாகப் படங்களை எடுத்துத் தள்ளியதால். கேமரா முக்காலியிலேயே இருந்தது, மூடிய பையிலேயே பயணித்தது, ஈரமறை பெட்டியிலேயே தூங்கியது. ஷட்டர் மாற்றக்கூடிய உதிரிபாகம். கோணிய வளையம் கேமராவின் எலும்பு. 84,000-ஐத்தான் எடுக்கச் சொன்னேன்.

பேராசிரியர் பில்லையும் பெட்டியையும் எடுத்து வைத்திருந்தார். பில்லிலும், பெட்டியிலும், கேமராவின் அடியிலும், எடுத்த படத்தின் விவரத்திலும் ஒரே சீரியல் எண். விற்றதற்கு அவர் கையெழுத்திட்ட சீட்டும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொண்டோம். "நம்பிக்கை இல்லியா தம்பி?" என்று சிரித்தார். "நாளைக்கு நான் விக்கும்போது கேப்பாங்கல்லா சார்" என்று இவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது.

லென்ஸ்

50 மி.மீ. ஒன்றை வைத்து மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்க முடியாது. 200டியின் 18-55 முழு ஃபிரேம் 5டியில் பொருந்தவே பொருந்தாது. டாம்ரான் 24-70 எஃப் 2.8 இரண்டாம் தலைமுறை லென்ஸ் ஒன்று தென்காசியிலிருந்து வந்தது. 5டியின் பாடியில் ஆட்டத் தடுப்பு இல்லாததால், லென்ஸிலேயே அது இருப்பது தேவையாகவும் இருந்தது. துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். ஓரத்தில் சிறு தூசி மட்டும்; சிலந்தி நூல் போன்ற பூஞ்சை இழை எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மர பீரோவுக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சை வருவது இங்கே வழக்கம். கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. அரிசி டப்பாவுக்குள் லென்ஸை வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடச் சொன்னேன். மாவுத்தூள்தான் உள்ளே போகும்.

எஃப் 2.8-இல் செய்தித்தாளைச் சாய்த்து வைத்து எடுத்துப் பார்த்தபோது ஃபோக்கஸ் சற்றுப் பின்னால் விழுந்தது. டிஎஸ்எல்ஆரில் ஃபோக்கஸ் சென்சார் தனியாக இருப்பதால் இப்படி நேர்வது உண்டு. பாடியின் நுண்திருத்தத்தில் சரிசெய்தோம்.

கணக்கு

பாடி 76,000, லென்ஸ் 42,000. இரண்டு கார்டுகளும் இன்னொரு பேட்டரியும் 9,000. மின்சாரத்தில் ஓடும் ஈரமறை பெட்டி 8,000. உள்ளே ஈரப்பதத்தை 45 விழுக்காட்டில் வைத்திருக்கிறார். மீதமுள்ள 15,000 ரூபாயை ஷட்டர் போகும் நாளுக்கென்று அஞ்சலகக் கணக்கில் போடச் சொன்னேன். அதைத் தொட்டு டிரோன் வாங்கலாமா என்று இருமுறை கேட்டிருக்கிறார், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

200டியை விற்கவில்லை. 5டி பழுதாகிப் போனால் 50 மி.மீ.-ஐ அதில் மாட்டிக்கொண்டு முகூர்த்தத்தை முடித்துவிடலாம் என்பதால், கல்யாண நாட்களில் அது பையில் இரண்டாவது கேமராவாகப் போகிறது. கொடைகளுக்கு ஆர்8-ஐயும் அடாப்டரையும் வாடகைக்கு எடுக்கிறார். டாம்ரான் அதிலும் தடையின்றி ஓடுகிறது. ஆடிக் கொடை இரவுகளில் அந்தக் கேமராவுக்குப் போட்டி இருக்கும் என்பதால், வாடகைக்காரரிடம் வைகாசியிலேயே முன்பணம் கொடுத்துத் தேதிகளைக் குறித்து வைத்துவிட்டார்.